மின்னல் விளக்கும் ஏலக்காயும்

உங்கள் பள்ளி அடையாள அட்டையில் உள்ள படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கின்றனவா? காதுக்குப் பின்னால் சுவரில் கரிய நிழல் விழுந்திருக்கிறதா? கன்னமும் தாடையும் தட்டையாகத் தெரிகின்றனவா? கவலை வேண்டாம். குறை உங்கள் முகத்தில் இல்லை. காமிராவின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும் சிறிய பிளாஷ் விளக்கில்தான் இருக்கிறது.

நல்ல முகப்படத்துக்கு என்ன விளக்கு வேண்டும்? அதிகப் பணம் இல்லாத ஒருவர் எதைப் பார்த்து வாங்குவது? இதற்கு விடை விளம்பரத் தாளில் இல்லை. உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது.

போடியில் ஒரு முன்னறை

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூர். தாய், விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கச் செல்கிறார். மகள் மேல்நிலைப் படிப்பை முடித்து, புகைப்படம் எடுக்கக் கற்றிருக்கிறாள். பழைய காமிரா ஒன்றும் கிடைத்துவிட்டது. மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள முன்னறையில் சிறிய ஸ்டுடியோ தொடங்க ஆசை. கையில் இருப்பதோ அம்மா கட்டி முடித்த சீட்டுப் பணம் மட்டும். அதைத் தவறான விளக்கில் போட்டுவிட்டால் இன்னொரு சீட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கடையில் 600 ஜூல் விளக்கு ஒன்றும், 200 ஜூல் விளக்கு ஒன்றும் இருக்கின்றன. பெரியதை வாங்கினால் பணம் முழுவதும் தீர்ந்துவிடும். ஊரில் நெடுநாளாக ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் போய், "அண்ணே, பெரிய லைட்டாவே வாங்கிடட்டுமா?" என்று கேட்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே, "லைட்டைப் பெரிசா வாங்காதேம்மா, பக்கத்துல கொண்டு வா" என்கிறார்.

அவர் சொன்னது சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேர்த்து வைத்துச் செலவிடும் விளக்கு

ஸ்டுடியோவில் பயன்படும் மின்னல் விளக்கை ஸ்ட்ரோப் என்பர். அதன் இதயம் மின்தேக்கி ஆகும். அது ஓரிரு விநாடிகளில் மின்னாற்றலைச் சேர்த்து வைக்கிறது. பொத்தானை அழுத்தியதும், செனான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாக அத்தனை ஆற்றலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடியில் பாய்ந்துவிடுகிறது. குழாய் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியை வீசுகிறது.

இந்த எண்ணம் புதியதன்று. 1851ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் என்பவர் சுழலும் வட்டின்மேல் செய்தித்தாள் ஒன்றை ஒட்டினார். லேய்டன் ஜாடிகளில் சேமித்த மின்சாரத்தைப் பொறியாகப் பாயவிட்டு, அந்த ஒளியில் படம் எடுத்தார். லேய்டன் ஜாடிதான் அக்காலத்து மின்தேக்கி. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்டு எட்ஜர்ட்டன், வாயுக் குழாய்களைக் கொண்டு இம்முறையை வளர்த்தெடுத்தார். ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் துப்பாக்கிக் குண்டை 1964இல் படமாக்கியவரும் அவரே.

மின்தேக்கியில் எவ்வளவு ஆற்றல் இருக்கும்? மின்தேக்குத் திறனில் பாதியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் 330 வோல்ட் ஏற்றினால் சுமார் 54 ஜூல் கிடைக்கும். ஐந்தரை கிலோ ஏலக்காய் மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கத் தேவைப்படும் ஆற்றலும் இதே அளவுதான்! ஆனால் இது ஆயிரத்தில் ஒரு விநாடியில் செலவாவதால், அந்தக் கணத்தில் திறன் 54,000 வாட்.

'வாட்' என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்

சில விளக்குகளின் பெட்டியில் ஆயிரக்கணக்கான 'வாட்' என்று அச்சிட்டிருப்பார்கள். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தீர்களா? ஒளிரும் நேரத்தைச் சொல்லாமல் வாட்டை மட்டும் சொல்வதில் பொருள் இல்லை. ஜூல் எவ்வளவு என்று கேளுங்கள். 'வாட்-விநாடி' என்றாலும் ஜூல் என்றாலும் ஒன்றே.

"எரிந்துகொண்டே இருக்கும் எல்.இ.டி. விளக்கு ஆகாதா?" என்று கேட்கலாம். காமிராவின் திரை 125இல் ஒரு விநாடி திறந்திருப்பதாகக் கொள்வோம். அந்த நேரத்தில் 60 வாட் விளக்கு செலவிடும் ஆற்றல் அரை ஜூலுக்கும் குறைவு. எல்.இ.டி. மின்சாரத்தை ஒளியாக்குவதில் திறமை மிக்கதுதான். அதற்காகச் சில மடங்கு கூட்டிக் கொடுத்தாலும் 200 ஜூல் மின்னலின் அருகே வர முடியாது. வீடியோ எடுப்பவருக்கு எல்.இ.டி. நல்லது. அசையும் முகத்தைத் தெளிவாகப் பிடிக்க மின்னல் விளக்கே சிறந்தது.

பாதி தூரம், நான்கு மடங்கு ஒளி

இப்போது ஸ்டுடியோக்காரர் சொன்ன வாக்குக்கு வருவோம். ஒளிச்செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர் விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். விளக்கை இரண்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் முகத்தில் விழும் ஒளி நான்கு மடங்காகும். அதாவது, ஒரு மீட்டரில் உள்ள 200 ஜூல் விளக்கு, இரண்டு மீட்டரில் உள்ள 800 ஜூல் விளக்குக்குச் சமம். பெரிய குடை கட்டிய விளக்குக்கு இந்த விதி துல்லியமாகப் பொருந்தாது. ஆயினும் தோராயக் கணக்குக்குப் போதும்.

மார்பளவுப் படத்துக்கு ஒரு மீட்டர் தூரத்தில், குடையும் வைத்து, 200 ஜூல் தாராளமாகப் போதும். அதுவும் போதாவிட்டால் காமிராவின் துளையை எஃப் 8இலிருந்து எஃப் 5.6க்குத் திறந்தால் ஒளி இரட்டிப்பாகிவிடும். இதற்குக் காசு செலவில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. முகம் விளக்கிலிருந்து ஒரு மீட்டர்; பின்சுவர் மூன்று மீட்டர் என்று வையுங்கள். முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரில் விழும். வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பல் நிறமாகிவிடும். தனியாகத் திரை வாங்க வேண்டாம்.

ஏலக்காய் சொல்லும் பாடம்

ஏலக்காய் ஒன்றைக் கையில் எடுங்கள். முப்பட்டையான அதன் தோலில் மெல்லிய வரிகள் நீளவாக்கில் ஓடுவதைக் காணலாம். இருட்டறையில் அதை மேசைமேல் வைத்து, உங்கள் கண்ணுக்கு அருகிலிருந்தே டார்ச் அடியுங்கள். வரிகள் மங்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டுக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு வரியும் நிழலோடு எழுந்து நிற்கும். இப்போது டார்ச்சுக்கும் காய்க்கும் நடுவே, காய்க்கு அருகில், வெள்ளை வேட்டித் துணியை விரித்துப் பிடியுங்கள். வரிகள் தெரியும், ஆனால் நிழலின் ஓரம் மென்மையாகிவிடும்.

முகமும் இப்படித்தான். காமிராமேல் உள்ள பிளாஷ் முகத்தைத் தட்டையாக்குகிறது. பக்கத்திலிருந்து வரும் சிறு விளக்கு சுருக்கங்களைக் கத்திபோல் கீறிக் காட்டுகிறது. பக்கத்திலிருந்து வரும் பெரிய ஒளிப்பரப்பு மட்டுமே முகத்தின் உருண்டையைக் காட்டி, சுருக்கத்தையும் அடக்கமாகக் காட்டுகிறது.

இங்கே 'பெரிய' என்பது மீட்டர் கணக்கு அன்று. முகத்திலிருந்து பார்க்கும்போது அது வானில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதே கணக்கு. ஒரு மீட்டர் அகலக் குடை, ஒரு மீட்டர் தூரத்தில் 53 பாகை அடைக்கிறது. மூன்று மீட்டருக்குத் தள்ளினால் 19 பாகைதான். சூரியனைப் பாருங்கள்: அதன் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆனாலும் தொலைவில் இருப்பதால் அரைப் பாகையே அடைக்கிறது. உச்சிவெயிலில் நிழல் கூர்மையாக விழுகிறது. போடிமெட்டில் மேகம் கவிந்தால் வானம் முழுவதும் விளக்காகிவிடுகிறது. நிழலே காணாமல் போகிறது. ஆகவே குடைதான் முக்கியம். அதை அருகில் வைப்பது அதைவிட முக்கியம்.

முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தால் இரண்டாவது விளக்கு வேண்டாம். ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை நிறுத்துங்கள். போன ஒளியை அது திருப்பி அனுப்பும்.

நிறம் மாறாத ஒளி

ஏலக்காய் வாங்குவோர் அதன் பசுமையைப் பார்த்தே தரம் சொல்வர். அதே காயை மஞ்சள் குண்டு பல்பின் கீழ் வைத்தால் பசுமை மங்கித் தோன்றும். தோலின் நிறத்துக்கும் இதே விதிதான். செனான் ஒளி பகல் வெளிச்சத்தை ஒத்தது; சுமார் 5500 கெல்வின் நிற வெப்பநிலை கொண்டது. மாநிறமும் கறுப்பும் அதில் உள்ளபடியே பதிவாகும். ஆனால் மலிவான சில விளக்குகளில், ஆற்றலைக் கூட்டிக் குறைக்கும்போது நிறமும் மாறும். வாங்குமுன் ஒரே வெள்ளைத்தாளை முழு ஆற்றலிலும் பதினாறில் ஒரு பங்கிலும் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

1. எத்தனை ஜூல்? பதினாறில் ஒரு பங்குவரை குறைக்க முடியுமா?

2. முழு ஆற்றலில் மீண்டும் நிரம்ப எத்தனை விநாடி? இரண்டு விநாடி நல்லது. அதற்குமேல் காத்திருந்தால் குழந்தையின் சிரிப்பு போய்விடும். 200 ஜூலை இரண்டு விநாடியில் நிரப்பச் சராசரியாக 100 வாட்டும், இழப்புக்குச் சற்றுக் கூடுதலும் போதும்.

3. குழாய் பழுதானால் மாற்றுக் குழாய் கிடைக்குமா? குடை, பெட்டித்துணி முதலியவற்றைப் பொருத்தும் வளையம் பரவலாக உள்ள வகையா?

4. நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே பார்க்க வழிகாட்டும் விளக்கு உண்டா?

5. தாங்கி உறுதியானதா? அடியில் மணல் மூட்டை வைத்துக் கட்டுங்கள். ஆள்மேல் விளக்கு விழக்கூடாது.

பழைய பிளாஷை வாங்கினால் இன்னும் ஓர் எச்சரிக்கை. சில பழைய விளக்குகளின் இணைப்பு முனையில் 200 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். கம்பியால் இணைத்தால் இன்றைய டிஜிட்டல் காமிரா பழுதாகலாம். ரேடியோ விசையைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

திறக்காதீர்கள்!

மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது உயிரையே பறிக்கக்கூடும். "உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்" என்று எந்த பிளாஷ் விளக்கையும் கழற்றாதீர்கள். ஆர்வம் நல்லது, ஆனால் இதைப் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

சீட்டுப் பணம் என்ன ஆயிற்று?

நம் கதையில் மகள் 200 ஜூல் விளக்கு ஒன்று, வெள்ளைக் குடை ஒன்று, தாங்கி, ரேடியோ விசை, தெர்மோகோல் பலகை ஆகியவற்றை வாங்கினாள். மீதியை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள். முதல் படம் அம்மாவுடையது. மலைவெயிலில் கருத்த அந்த முகத்தின் வரிகள் அழிந்துபோகவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "இப்படித்தான் இருக்கேனா நான்?" என்று அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்: விளக்கு வாங்க இயலாதோர் ஜன்னலோரம் ஒரு நண்பரை அமர்த்தி, நேர்வெயில் விழாத நேரத்தில் படம் எடுங்கள். மறுபக்கம் வெள்ளை அட்டை வையுங்கள். பிறகு நண்பரை ஜன்னலிலிருந்து இருமடங்கு தூரம் தள்ளி அமர்த்தி எடுங்கள். ஒளியின் அளவிலும் நிழலின் ஓரத்திலும் என்ன மாற்றம் கண்டீர்கள்? காரணம் என்ன? வகுப்பில் விவாதியுங்கள்.