முதலில் கன்று, பிறகு பசு



பிள்ளைகளை எப்படிக் காப்பது என்று நாம் அடிக்கடி பேசுகிறோம். இம்மாதப் பாடத்தில் அதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். காக்கும் கையை எப்போது, எவ்வளவு தளர்த்த வேண்டும்?

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூத்த மகன் ருவைஸில் வளர்ந்தவன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தான். விடுதிக்குப் போன மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அறையிலேயே படுத்துக் கிடந்திருக்கிறான். வார்டன் இருப்பது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் இங்கிருந்து வார்டனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் போனான்.

"ஏண்டா, நீயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டோம்.

"எப்பவும் நீங்கதானேம்மா சொல்வீங்க" என்றான்.

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அவன் எங்களைக் குறை சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். சிறு வயது முதல் மருத்துவர் அவனைப் பார்த்து "என்ன செய்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொன்னது நாங்கள். பதினேழு வயது வரை தன் உடம்பின் நோவைத் தன் வாயால் சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பும் தரவில்லை.

நாம் வாழும் இடம்

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. அபுதாபி நகருக்கு மேற்கே சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் பாலைவனத்துக்கும் நடுவே அமைந்தது ருவைஸ். 1980களின் தொடக்கத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது, அதையொட்டி ஊழியர் குடியிருப்பு வளர்ந்தது. பள்ளி, மருத்துவமனை, கடைகள் எல்லாம் அருகிலேயே. பிள்ளை வளர்க்க அமைதியான, பாதுகாப்பான இடம். இதற்கு நாம் நன்றியுடையவர்களாக இருக்க வேண்டும்.

ஆனால் இங்கே வளரும் பிள்ளை கூட்டமான பஸ்ஸில் ஏறிச் சில்லறை கொடுத்துப் பயணச் சீட்டு வாங்கியதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றதில்லை. வங்கியில் படிவம் நிரப்பியதில்லை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், அதனால் எங்கு போனாலும் கார்தான். ஊரில் நாம் தெருவில் தானாகக் கற்றதை, இங்கே நாம் முயன்று கற்பிக்க வேண்டியிருக்கிறது.

2022 அக்டோபர் முதல் அமலான விதிகளின்படி, மணமாகாத மகனை 25 வயது வரை பெற்றோர் தம் விசாவில் வைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகளில் பலர் விமானம் ஏறத்தான் போகிறார்கள். அந்த நாளுக்கு அவர்கள் ஆயத்தமா?

யசோதை செய்தது

கண்ணனை உரலில் கட்டிய யசோதையை நாம் எல்லோரும் அறிவோம். அவளும் பிள்ளை கைமீறிப் போகிறானே என்று பயந்தவள்தான். ஆனால் கதை உரலோடு முடியவில்லை. பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம் அடுத்து நடந்ததைச் சொல்கிறது. பிருந்தாவனம் வந்தபின் கண்ணனுக்கும் பலராமனுக்கும் முதலில் தரப்பட்ட வேலை கன்று மேய்ப்பது, அதுவும் குடியிருப்புக்கு அருகிலேயே. சற்று வளர்ந்த பிறகுதான் பசுக்களை ஓட்டிச் செல்லும் பொறுப்பு வந்தது. ஆயர்கள் பிள்ளையைக் கட்டியும் வைக்கவில்லை, ஒரே நாளில் காட்டில் விட்டுவிடவும் இல்லை. முதலில் கன்று, பிறகு பசு.

அப்படி அனுப்பிய தாய் நிம்மதியாக இருந்தாளா? இல்லை. பெரியாழ்வார் தம் திருமொழியில் யசோதையின் தவிப்பை ஒரு பதிகம் முழுவதும் பாடுகிறார். குடையும் செருப்பும்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே என்று அவள் வருந்துகிறாள். அடுத்த பதிகத்தில் மகன் திரும்பி வருவதைக் கண்டு பூரிக்கிறாள். ஆகவே, அனுப்பிவிட்டுக் கவலைப்படுவது இயல்பு. கவலை வருகிறது என்பதற்காக அனுப்பாமல் இருப்பதுதான் தவறு.

சாரம் கட்டுவதும் பிரிப்பதும்

ஆலையில் வேலை செய்யும் அன்பர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். உயரத்தில் வேலை என்றால் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிறோம். 1976-ல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துக் பிரமிடு வடிவில் அடுக்கச் சொன்னார்கள். குழந்தை தானே செய்யக்கூடியதை அதனிடமே விட்டு, அதன் சக்திக்கு மீறிய இடத்தில் மட்டும் ஆசிரியர் துணை நின்றார். இத்தகைய உதவிக்கு அவர்கள் இட்ட பெயரே 'சாரம்'. வேலை முடிந்த பிறகும் சாரத்தைப் பிரிக்காவிட்டால் அது வழியை அடைத்துக்கொண்டுதான் நிற்கும். நாங்கள் செய்த பிழை அதுவே.

வீட்டில் செய்யக்கூடியவை

6 முதல் 8 வயது: பள்ளிப் பையைத் தானே அடுக்கட்டும். மருத்துவரிடம் எங்கே வலி என்று தானே சொல்லட்டும். மறந்துவிட்ட நோட்டை எடுத்துக்கொண்டு நாம் பள்ளிக்கு ஓட வேண்டாம்.

9 முதல் 11 வயது: கடையில் பட்டியலைப் பார்த்துப் பொருள் எடுத்து, பணம் கொடுத்து, மீதியை எண்ணி வாங்கட்டும். நாம் சற்றுத் தள்ளி நிற்போம். நம் பூஜை நாட்களில் பிரசாதம் பரிமாறும் பொறுப்பைத் தரலாம்.

12 முதல் 14 வயது: குக்கரில் சாதம் வைக்க, சட்டையை இஸ்திரி போட, மாதக் கைச்செலவுக்குக் கணக்கு எழுதப் பழகட்டும்.

15 முதல் 17 வயது: விண்ணப்பப் படிவங்களைத் தானே நிரப்பட்டும், நாம் சரிபார்ப்போம். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டியோடு வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் போய் வரட்டும், பகலில் பஸ்ஸில் போய் வரட்டும்.

'பெண் பிள்ளையாயிற்றே' என்று சிலர் தயங்கலாம். அவளும் நாளை விடுதியில் இருக்கப் போகிறவள்தான். பழக்கம் அவளுக்கும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சுதந்திரம் தருவது கவனிக்காமல் விடுவது ஆகாது. கடற்கரை, பெரிய சாலை, கோடை வெயில், கணினியில் முன்பின் அறியாதவர் தொடர்பு ஆகியவற்றில் நம் கண் இருந்தே தீர வேண்டும். சிறு குழந்தையை ஒரு நிமிடம்கூடக் காரில் தனியே விடக் கூடாது. மேலே சொன்ன வயதுகளும் கல்லில் எழுதியவை அல்ல. சில பிள்ளைகளுக்குக் கூடுதல் காலம் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

மகளிடம் கற்றது

எட்டாவது படிக்கும் எங்கள் மகளைச் சமீபத்தில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இம்முறை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கடினமாகத்தான் இருந்தது. அவள் தயங்கித் தயங்கி எல்லாம் சொன்னாள். ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையை மட்டும் சொல்ல மறந்தாள். கடைசியில் அதை மட்டும் நாங்கள் சேர்த்தோம்.

மகன் இப்போது மூன்றாம் ஆண்டு. சென்ற மாதம் அழைத்தபோது, "போன வாரம் காய்ச்சல்மா. டாக்டரைப் பார்த்தேன், மருந்து வாங்கினேன், சரியாயிடுச்சு" என்றான். எங்களிடம் முன்பே சொல்லவில்லையே என்று ஒரு கணம் மனம் வலித்தது. பிறகு இதைத்தானே வேண்டினோம் என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் பிள்ளை தானே செய்யக்கூடிய எந்த மூன்று வேலைகளை இன்னும் நாம் செய்து கொடுக்கிறோம்?
2. அவற்றை நாம் செய்வது பிள்ளையின் தேவைக்காகவா, நம் பயத்துக்காகவா?
3. இந்த மாதம் எந்த ஒரு 'கன்றை' ஒப்படைக்கப் போகிறோம்? தவறு நேர்ந்தால் திட்டாமல் எப்படித் துணை நிற்போம்?

பதிலைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வது நமக்கு வியப்பாக இருக்கலாம்.