நீர் சுருங்கிய ஆண்டில் பனிக்காலப் பூச்சாகுபடி

வடகிழக்குப் பருவமழையை நம்பிக் கிணற்றுப் பாசனத்தில் பூ வைப்போரிற் பலர், மழை பொய்த்த ஆண்டிலும் பரப்பைக் குறைக்க மனமிசையாமல் முழு வயலையும் நட்டுவிட்டு, மார்கழியில் மொக்கு வரும் தருணத்தில் கிணறு வற்றக் கண்டு கலங்குகின்றனர். 2016ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுமைக்கும் அம்மழை சராசரியில் பத்தில் நான்கு பங்கேனும் பெய்யவில்லை என்பதை நிலக்கோட்டைப் பக்கத்துக் குடியானவர்கள் மறந்திரார்.

ஆகையால் நாற்று விடுமுன் நீரை அளத்தல் அவசியம். ஒரு சென்டு நிலத்தில் ஓரங்குலம் நீர் நிற்க ஏறக்குறைய 1,000 லிட்டர் வேண்டும். மோட்டார் இறைக்கும் நீரால் 200 லிட்டர் பீப்பாய் 50 விநாடியில் நிரம்புமாயின் மணிக்கு 14,400 லிட்டராகும். கிணறு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே கொடுக்குமானால் வாரத்துக்கு 1,00,800 லிட்டர். வாரமொருமுறை ஒன்றரை அங்குலம் பாய்ச்சுவதாயின் இது 67 சென்டுக்குப் போதும். வாய்க்கால் உறிஞ்சுவதற்கும், தை மாதத்தில் ஊற்றுக் குறைவதற்கும் மூன்றிலொரு பங்கு தள்ளினால் எஞ்சுவது 45 சென்டே. மாடு குடிப்பதும் அக்கிணற்றிலேயே என்றால் இன்னும் குறைத்துக்கொள்க. மீதி நிலம் தரிசாய்க் கிடப்பதில் நஷ்டமில்லை. நட்டுக் காயவிடுவதே நஷ்டம்.

சாமந்தியை ஆனி, ஆடியிலேயே நட்டாக வேண்டும். இரவு நீளும் காலத்தில்தான் அது மொக்குக் கட்டுமாதலின், பிந்தி நட்ட செடி கிளைத்து வளருமுன்னரே மொக்கு வைத்துக் குட்டையாய் நின்றுவிடும். அத்தனை மாதம் நீர்விட வசதியில்லாதார் துலுக்கச் சாமந்தி எனும் கேந்தியைக் கொள்ளல் நலம். புரட்டாசி முற்பகுதியில் விதைத்து, 30 நாள் நாற்றை ஐப்பசியில் ஒன்றரை அடி இடைவெளியில் பார்களின் பக்கத்தில் நட்டால் பொங்கல் சந்தைக்குப் பூ கிடைக்கும். நட்ட 30ஆம் நாள் நுனி கிள்ளினால் பக்கக்கிளை பெருகும். பூ சிறிது தாமதிக்குமாதலால், நடவு பிந்தியவர் கிள்ளலாகாது. நீர் மிகக் குறைந்தால் ஒன்றுவிட்டொரு சாலில் மாற்றி மாற்றிப் பாய்ச்சுக. வைக்கோல், கரும்புத் தோகை, கடலைத் தோல் எது அகப்பட்டாலும் செடியடியில் பரப்புக. மொக்கு விட்டபின் ஒரு தண்ணீரும் தவறலாகாது.

வரப்போரத்தில் டிசம்பர் பூவின் துண்டுகளை ஊன்றலாம். மணமில்லாவிடினும் வறட்சி தாங்கும். கேந்தி வேர் நூற்புழுவை அடக்குவதால், அடுத்துத் தக்காளியோ கத்தரியோ வைப்பார்க்கு அதுவும் ஓர் இலாபம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. சென்டுக்கணக்கான பூந்தோட்டந்தானே என்று அடங்கலில் எழுதாமல் விட்டால், பயிர் கருகியபின் நிவாரணம் கேட்கும் குடியானவன் கையில் காட்ட ஏதுமிராது. நடவு முடிந்த மாதத்திலேயே புல எண்ணோடு பதிந்துவிடுவார்களாக.