ஒரே சொல், இரண்டு மின்கலன்கள்

முன்னுரை

மின்சாரக் கார் இன்று நம் நாட்டுச் சாலைகளில் புதுமைப் பொருளன்று. இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு 2022 முதல் 2025 இறுதி வரை வரிவிலக்கு அளிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தனது முதல் முழு மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. 2025 டிசம்பரில் பெரோடுவாவும் அவ்வரிசையில் சேர்ந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடங்களில் மின்னேற்றக் கம்பிகளைக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது.

அத்தகைய கார் ஒன்று நெடும்பயணத்தின் நடுவே நின்றுவிட்டால் என்ன செய்வது? நான் மின்பொறியியல் மூன்றாமாண்டு மாணவி. இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியவில்லை என்பதைக் கடந்த தீபாவளிக்கு முந்திய நாள், தாப்பா ஓய்விடத்தில் கற்றுக்கொண்டேன். அன்று நின்ற காரைப் பற்றியும் அது ஏன் நின்றது என்பதைப் பற்றியும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாப்பாவில் நடந்தது

என் தந்தை கிள்ளானில் சிறிய பட்டறை ஒன்றை முப்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறார். எங்கள் வட்டாரத்தில் அவரைப் ‘போர்மன்’ என்றே அழைப்பார்கள். 2025 தீபாவளி, தாத்தா மறைந்து ஓராண்டுத் துக்கம் முடிந்தபின் வந்த முதல் தீபாவளி. நிபோங் திபாலில் உள்ள பழைய வீட்டில், முந்திய நாள் மாலை இருட்டுவதற்குள் தாத்தாவுக்குப் படையல் போட வேண்டும். மூத்த மகன் என்ற முறையில் அப்பாதான் சூடம் ஏற்ற வேண்டும். பட்டர்வொர்த்துக்குச் செல்லவிருந்த என் தாய்மாமா, தம் மின்சாரக் காரிலேயே எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னார். நாங்களும் பாட்டியும் காலையில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அவர் வீட்டிலிருந்து புறப்பட்டோம். அப்பா தம் கருவிப் பையையும் தூக்கி வந்தார். “இந்தக் காருக்கு அதெல்லாம் வேணாம் அத்தான்,” என்று மாமா சிரித்தார். அப்பா பதில் சொல்லவில்லை. பையைப் பின்னால் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

தாப்பாவை அடைந்தபோது திரையில் 62 விழுக்காடு மின்சாரம் காட்டியது. நிபோங் திபாலுக்கு அது தாராளமாகப் போதும். காரை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். கால்வலியால் பாட்டி மட்டும் கதவுகளைத் திறந்து வைத்து உள்ளேயே அமர்ந்திருந்தார். பின்கதவும் திறந்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினோம். பொத்தானை அழுத்தியபோது திரை ஒருமுறை மினுக்கி இருண்டது. அதன்பின் அசைவே இல்லை.

அப்பா உடனே கேட்டார்: “என்னம்மா, பேட்டரி கோங் ஆயிருச்சா?”

“இல்லப்பா. பேட்டரி 62 விழுக்காடு இருக்கு. இது வேற பிரச்சனை. சாப்ட்வேரா இருக்கும்.”

நான் படித்த பெண். சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா ஒதுங்கி நின்றார். மாமா உதவி எண்ணுக்கு அழைத்தார். இழுவை வண்டி வர இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும் என்றார்கள். நான் கைப்பேசிச் செயலியை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டிருந்தேன். பாட்டி யாரையும் குறை சொல்லவில்லை. அடிக்கடி மணி மட்டும் கேட்டார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து அப்பா என் அருகே வந்தார். “ஹார்ன் அடிக்கல. சிக்னல் லைட்டும் எரியல. அதெல்லாம் எந்தப் பேட்டரியில ஓடுது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதற்கேள்வியிலேயே அப்பா சொன்னது சரி. அவர் ஒரு பேட்டரியைப் பற்றிக் கேட்டார். நான் வேறொரு பேட்டரியைப் பற்றிப் பதில் சொன்னேன்.

இரண்டு மின்கலன்கள்

இன்று சாலையில் ஓடும் மின்சாரக் கார்களில் பொதுவாக இரண்டு வகை மின்கலன்கள் இருக்கின்றன. முதலாவது, காரின் அடித்தட்டில் பரந்து கிடக்கும் பெரிய லித்தியம் மின்கலன் தொகுதி. பல கார்களில் இதன் மின்னழுத்தம் 400 வோல்ட் அளவில் இருக்கும். சிலவற்றில் 800 வோல்ட். சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தருவது இதுவே. இதனை இயக்க மின்கலன் என்போம். திரையில் நாம் காணும் விழுக்காடு இதனுடையது.

இரண்டாவது, எண்ணெயில் ஓடும் கார்களில் உள்ளது போன்ற 12 வோல்ட் மின்கலன். பூட்டு, விளக்கு, ஹார்ன், திரை, கணினிகள் ஆகிய அனைத்தும் இதைக் கொண்டே விழித்தெழுகின்றன. இதனைத் துணை மின்கலன் என்போம். பல கார்களில் இது இன்றும் ஈய அமில மின்கலனே. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் கண்டுபிடித்த அதே வகை.

எண்ணெய்க் காரில், எஞ்சின் ஓடும்போது அப்பா ‘டைனமோ’ என்று சொல்லும் மின்னாக்கி இச்சிறு மின்கலனை நிரப்பும். மின்சாரக் காரில் எஞ்சினும் இல்லை, டைனமோவும் இல்லை. மாறாக, இயக்க மின்கலனின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து, துணை மின்கலனுக்கு ஊட்டும் மாற்றி ஒன்று உண்டு.

அப்படியானால், பெரியதில் 62 விழுக்காடு இருக்கும்போது சிறியதை நிரப்பிக்கொள்ளக் கூடாதா? இதற்கான விடையை நான் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு ஐந்திலேயே படித்திருந்தேன். உலர் மின்கலன், மின்கம்பி, மின்குமிழ், விசை ஆகியவற்றைக் கொண்டு அன்று ஒரு மின்சுற்று அமைத்தோம். விசை திறந்திருந்தால் மின்கலன் எவ்வளவு நிறைந்திருந்தாலும் மின்குமிழ் எரியாது. மின்சாரக் காரிலும் பாதுகாப்பு கருதி, காரை அணைத்தவுடன் இயக்க மின்கலனின் இணைப்பு விசைகள் திறந்துகொள்கின்றன. உயர் மின்னழுத்தம் மின்கலன் பெட்டிக்குள்ளேயே அடைபட்டுவிடும். அந்த விசைகளை மீண்டும் மூடுவதற்குத் தேவையான மின்சாரம் துணை மின்கலனிலிருந்துதான் வரவேண்டும். அது செத்துவிட்டால் விசையை மூடும் விரல் இல்லை. பெரிய மின்கலன் நிறைந்திருந்தும் பயனில்லை.

மாமாவின் காரில் நடந்தது இதுவே. அந்தத் துணை மின்கலனுக்கு வயது மூன்றைத் தாண்டியிருந்தது. நம் நாட்டு வெப்பம் ஈய அமில மின்கலனின் ஆயுளைக் குறைக்கக்கூடியது. போதாக்குறைக்கு, கார் அணைந்திருந்தபோது திறந்த கதவுகளால் உள்விளக்குகளும் சில கருவிகளும் விழித்தே இருந்தன. நலிந்திருந்த மின்கலன் அந்த முக்கால் மணி நேரத்தைத் தாங்கவில்லை. சில நாள்களுக்கு முன் திரையில் ஏதோ ஓர் எச்சரிக்கை ஆங்கிலத்தில் தோன்றியதாகவும், தாம் அதைப் படிக்காமல் அழித்துவிட்டதாகவும் மாமா பிறகு ஒப்புக்கொண்டார்.

அப்பாவின் கையும் என் கையேடும்

அப்பா முன்மூடியைத் திறந்து தம் அளவுமானியை வைத்துப் பார்த்தார். நன்கு நிறைந்த 12 வோல்ட் மின்கலன் ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அது 9 வோல்ட்தான் காட்டியது. நான் கைப்பேசியில் காரின் பயனர் கையேட்டைத் திறந்து, வெளியிலிருந்து இணைப்புக் கொடுக்க அனுமதி உண்டா என்று தேடினேன். உண்டு. எந்த முனையில் எதை முதலில் இணைப்பது என்பதை நான் தட்டுத்தடுமாறித் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா செய்தார். அருகில் பழைய புரோட்டோன் சாகாவை நிறுத்தியிருந்த ஒரு மலாய்க் குடும்பத்தார் மனமுவந்து தங்கள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினர். நேர்முனைக்கு நேர்முனை, எதிர்முனைக் கம்பியைக் கையேடு காட்டிய உலோகப் பகுதியில் பொருத்தினார். மாமா பொத்தானை அழுத்தினார். அடியிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஓசை. இணைப்பு விசைகள் மூடிக்கொண்ட ஓசை அது. திரை ஒளிர்ந்தது: 62 விழுக்காடு.

ஈப்போவில் இறங்கி ஒரு கடையில் புதிய துணை மின்கலன் வாங்கி மாற்றினோம். பெருநாள் நெரிசலில் ஊர்ந்து நிபோங் திபாலை அடைந்தபோது இரவு ஏழரை மணி. இருட்டிவிட்டிருந்தது. அப்பா குற்றவுணர்வோடு படையல் முன் நின்றார். பாட்டி சொன்னார்: “விடுப்பா. உங்கப்பா என்னிக்கு நேரத்துக்குச் சாப்பிட்டாரு?” அதன்பின் அப்பா சூடம் ஏற்றினார்.

ஒரு வரலாற்று முரண்

மின்சாரக் கார் நேற்றுப் பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் அது பரவலாக ஓடியது. எண்ணெய்க் காரைக் கைப்பிடியால் சுழற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. கை எலும்பு முறிவதும் உண்டு. 1912இல் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. ஒரு மின்கலனின் துணையால் எண்ணெய்க் காரும் எளிதாக உயிர்பெற்றது. மின்சாரக் கார் அக்காலத்தில் சந்தையை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். அன்று அதனை வீழ்த்த உதவிய சிறு மின்கலன், இன்று அதன் உள்ளேயே அமர்ந்து அதனை நிறுத்தவும் வல்லதாக இருக்கிறது!

இதனால் மின்சாரக் கார் நம்பத்தகாதது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஜெர்மனியின் வாகனவோட்டிகள் சங்கமான ஏடிஏசி வெளியிட்ட 2024ஆம் ஆண்டுப் பழுதுக் கணக்கில், 2020 முதல் 2022 வரை பதிவான கார்களை எடுத்துக்கொண்டால், ஆயிரம் மின்சாரக் கார்களுக்கு 4.2 பழுதுகள், எண்ணெய்க் கார்களுக்கு 10.4. இரு வகையிலும் பழுதுக்கான முதற்காரணம் 12 வோல்ட் மின்கலனே. எனவே, அப்பாவின் முதற்கேள்வி எந்தக் காருக்கும் பொருந்தும் கேள்வியாகும்.

பயணத்திற்கு முன் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, நெடும்பயணத்திற்கு முன் துணை மின்கலனைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் வயதைக் கேட்டறியுங்கள். திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் படிக்காமல் அழிக்காதீர்கள்.

இரண்டாவதாக, துணை மின்கலன் எங்கே இருக்கிறது, அது செத்துவிட்டால் கதவை எப்படித் திறப்பது என்பதைக் கையேட்டில் முன்கூட்டியே பாருங்கள். பல சாவிகளின் உள்ளே சிறிய உலோகச் சாவி ஒன்று ஒளிந்திருக்கும்.

மூன்றாவதாக, வெளி இணைப்புக் கொடுப்பதற்குக் கையேடு அனுமதித்தால் மட்டுமே கொடுங்கள். மின்சாரக் காரிலிருந்து மற்றொரு காருக்கு இணைப்புக் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் தடை செய்திருக்கின்றன.

நான்காவதாக, செம்மஞ்சள் நிறக் கம்பிகளைத் தொடவே தொடாதீர்கள். அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள். முறையான பயிற்சி பெற்றவர் மட்டுமே அவற்றைக் கையாள வேண்டும்.

ஐந்தாவதாக, காரை இழுத்துச் செல்ல நேர்ந்தால், நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி தட்டு லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். இயக்கச் சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று பழுதை ஏற்படுத்தலாம்.

முடிவுரை

தாப்பாவில் எங்களிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. மின்கலன் செத்தால் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பது அப்பாவுக்குத் தெரியும். மின்சாரக் காரின் அமைப்பு எனக்குத் தெரியும். இரண்டும் சந்திக்க ஒரு மணி நேரம் பிடித்தது. இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்ததை நான் ஒருநாளும் வீட்டில் தமிழில் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்லிப் பார்த்திருந்தால், ‘பேட்டரி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருப்பதை முன்பே கண்டிருப்பேன். பிற மொழிகளில் படிப்பது குறையன்று. படித்ததை அந்த மொழிகளிலேயே பூட்டி வைப்பதுதான் குறை.

அண்மைக் காலமாக அப்பா, மின்சாரக் கார் பெருகினால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அச்சம் முழுதும் பொய்யன்று. உயர் மின்னழுத்த வேலையை அவரால் பயிற்சியின்றிச் செய்ய இயலாது. ஆனால் டயர், பிரேக், அதிர்வுதாங்கி, துணை மின்கலன் ஆகியவை மின்சாரக் காரிலும் உண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்டறைக்குப் போய் அவருக்குப் பாடம் சொல்கிறேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இயக்க மின்கலன், துணை மின்கலன், மாற்றி, இணைப்பு விசை என்று எழுதிப் படமும் வரைந்தேன். அதை அவர் வேலை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். நான் சொல்வது புரியாதபோது அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடுவது, சில வேளைகளில் தேர்வைவிடக் கடினமாக இருக்கிறது.

என் சொற்களை அவர் இன்னும் வாயால் சொல்வதில்லை. போன வாரம் ஒருவர், தம் மின்சாரக் கார் எழவில்லை என்று தொலைபேசியில் அழைத்தார். அப்பா வழக்கம்போல், “பேட்டரி கோங்கா?” என்றார். பிறகு மேசைக்கு மேலே ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “பெருசா, சின்னதா?”