வெள்ளை அணு கூடினால் ரத்தப் புற்றுநோயா?



போன மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா தன் மகனின் லேப் சீட்டை நீட்டினார். "வெள்ளை அணு கூடியிருக்குன்னு சொல்றாங்க. இது ரத்தப் புற்றுநோயா இருக்குமா?" பையனுக்குத் தொண்டையில் சீழ், அவ்வளவுதான். மருந்து சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. அதனால் இந்த இதழில் அந்தச் சீட்டைப் பற்றியே பேசுவோம்.

டாக்டர் "சி.பி.சி." என்று எழுதினால் அது ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை. கையிலிருந்து இரண்டு, மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. சீட்டில் நிறைய வரிகள் இருக்கும். நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூன்று.

முதலாவது ஹீமோகுளோபின். இது நமக்குப் பழகியது. பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது வெள்ளை அணு. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும், சின்னக் குழந்தைகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் கூடுதல். மூன்றாவது பிளேட்லெட் என்கிற தட்டணு. டெங்கு வந்த பிறகு இந்தப் பெயர் தெரியாத வீடே இல்லை! 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்க வேண்டும்.

இந்த மூன்றும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உற்பத்தியாகின்றன. ரத்தப் புற்றுநோயில் முதிராத அணுக்கள் அங்கே களை மாதிரி மண்டிவிடும். நாற்றங்காலில் களை மண்டினால் நாற்று எப்படி எழும்பும்? சிவப்பு அணு குறைந்து உடம்பு வெளுக்கும். தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் கசியும், அடிபடாமலே கன்றிப்போகும். நல்ல வெள்ளை அணு இல்லாததால் காய்ச்சல் விடாது. குழந்தைகள் கால் எலும்பு வலிக்குதுன்னு அழும்.

ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள். வெள்ளை அணு மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான். அதே சமயம், ரத்தப் புற்றுநோய் உள்ளவருக்கு வெள்ளை அணு மிக அதிகமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், சரியான அளவிலும் இருக்கலாம். மூன்றில் இரண்டு சரியில்லை, மேலே சொன்ன அறிகுறியும் இருக்கிறது என்றால் தள்ளிப்போடக் கூடாது.

மிஷின் அணுக்களை எண்ணிவிடும். முதிராத அணுவா என்று உறுதியாகச் சொல்ல அனுபவமுள்ள கண் வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு "ஸ்மியர்" என்று பெயர். "ஸ்மியர் பார்த்தாச்சா டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள். அதில் "பிளாஸ்ட்" என்று எழுதியிருந்தால், அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அங்கே மஜ்ஜைப் பரிசோதனை செய்வார்கள். "முதுகுத் தண்டுல ஊசி குத்துவாங்க, கால் விளங்காமப் போயிடும்" என்று பயந்து திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு. மஜ்ஜை எடுப்பது பெரும்பாலும் இடுப்பு எலும்பில், மரத்துப்போக ஊசி போட்ட பிறகு. கொஞ்சம் வலிக்கும், நடை பாதிக்காது. நோய் எந்த வகை என்று இதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு வகைக்குத் தினமும் இமாடினிப் மாத்திரை. இன்னொரு வகைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து. குழந்தைகளுக்கு அதிகம் வருவது இந்த இரண்டாவது வகை. சிகிச்சையை முழுதாக முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். இது தொற்று நோயும் இல்லை.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. ரத்த சோகைக்கு ஒரு மாதம் ஒழுங்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் மறுபடி சி.பி.சி. எடுங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். அடுத்து, காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது முதிராத அணுக்களைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்துவிடும். பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம்.

பழைய லேப் சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள், டாக்டருக்கு உதவும். செலவுக்காக வட்டிக்கு வாங்க ஓடும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் வருகிறது. அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம்.