பெரியவர்களின் மாத்திரை டப்பாவில் என்ன இருக்கிறது?

சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘குளோர்பெனிரமைன்’ என்றிருந்தால், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். தூக்கம் மட்டுமா வரும்? வாய் உலரும், மலம் இறுகும், புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், நினைவு குழம்பும். ‘வயசாயிடுச்சு, உளறுறார்’ என்று நாம் சொல்வதற்குச் சில நேரம் மாத்திரைதான் காரணம்.

முதியோருக்கு ஆகாத மருந்துகளை அமெரிக்க டாக்டர் மார்க் பீர்ஸும் குழுவினரும் 1991-இல் பட்டியலிட்டார்கள்; அது இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. மூட்டுவலிக்குத் தினமும் போடும் டைக்ளோஃபினாக் அதில் உண்டு. வயிற்றில் புண்ணாக்கும்; சில பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடும் உண்டு: ஒருவேளைச் சாப்பாடு தவறினாலே சர்க்கரை சரிந்துவிடும்.

தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், இரவில் பாத்ரூம் போக எழுபவரைத் தள்ளாட வைக்கும். அதற்காகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது. சித்த மருந்து, லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.