கைமாறிய காரும் பழைய சொந்தக்காரரின் ஜவாப்தாரியும்

சென்ற பாடத்தில் அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வது பற்றிப் பார்த்தோம். அதை வாசித்த உட்லண்ட்ஸ் அன்பர் ஒருவர், "நாங்கள் கடை வைத்திருப்பவர்கள் அல்லவே, மாதச் சம்பளக்காரர்கள்தாமே, எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். கேட்டவர் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுத் தம்முடைய கார் விஷயத்தைச் சொன்னார். இந்தப் பாடம் முழுவதையும் அவருடைய விஷயத்திற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அது ஆறு வருடம் ஓடிய கார். காலையில் எடுத்தால் ஒழுங்காக ஓடும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு கியர் மாறும்போது ஓர் உதறல் உதறும். சில சமயம் இழுக்காமலே நின்றுவிடும். உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் காட்டினார். கியர் பாக்ஸைப் பிரித்து வேலை செய்யவேண்டும், மூவாயிரம் வெள்ளிக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்பர் அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, பழைய காரை ஒரு கார் கடையில் கொடுத்து, அதன் விலையைக் கழித்துக்கொண்டு வேறு கார் எடுத்துவிட்டார். கடையின் ஆள் காலை நேரத்தில் வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஒரு வட்டம் ஓட்டிவிட்டு விலை சொன்னார். கியரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பெயர் மாற்றமும் முடிந்தது.

இரண்டு மாதம் சென்றது. பக்கத்துப் புளோக்கின் கார் பார்க்கில் அதே நம்பருடன் அந்தக் கார் நின்றது. அதை வாங்கியிருப்பவர்கள் ஓர் இளந்தம்பதியர். பின் ஸீட்டில் இரண்டு குழந்தைகள். பள்ளிவாசலுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காரைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது என்றார் அன்பர். "நான் விற்றது கடைக்காரருக்கு. கடைக்காரர் விற்றது அவர்களுக்கு. இதில் நான் எங்கே வருகிறேன்?" என்பதே அவர் கேள்வி.

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் அமுலில் இருக்கும் 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்திற்குள் ஒரு குறை தெரியவந்தால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகச் சட்டம் வைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது விற்ற வியாபாரியின் பொறுப்பு. வியாபாரி முதலில் பழுது பார்த்துக் கொடுக்கவோ மாற்றிக் கொடுக்கவோ வேண்டும். அது நடவாதபோது விலையைக் குறைக்கவோ, பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்குகிற பயனீட்டாளருக்காக உண்டானது. தம் சொந்தக் காரைக் கடைக்குக் கொடுத்த தனி மனிதர்மீது கடைக்காரர் இதைக் கொண்டு பாய முடியாது. திருப்தியான தரத்தில் பொருள் இருக்கவேண்டும் என்ற பொருள் விற்பனைச் சட்டத்தின் விதியும் வியாபாரமாக விற்பவர்களையே கட்டுப்படுத்தும்.

அப்படியானால் தனி மனிதர் மௌனமாக இருந்துவிடலாமா? சட்டத்தின் வழி ஏறக்குறைய அதுதான். நம் நாட்டுச் சட்டத்திற்கு மூலமான ஆங்கிலச் சட்டத்தில் 1878-ஆம் வருடத்து வழக்கு ஒன்று இதற்குப் பேர்போனது. இங்கிலாந்தில் நியூபரி என்ற ஊர்ச் சந்தைக்கு ஒருவர் நோய் கண்ட பன்றிகளைக் கொண்டுவந்து, 'எல்லாக் குறைகளுடனும்' என்ற நிபந்தனையோடு விற்றார். வாங்கியவரின் மற்றப் பன்றிகளுக்கும் நோய் தொற்றியது. நோய் இருப்பது விற்றவருக்குத் தெரிந்தே இருந்தும், அவர் வாய் திறந்து எந்த உறுதியும் சொல்லவில்லை; ஆகவே அவர் ஜவாப்தாரியல்ல என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. (பிராணியின் பெயர் நமக்கு உவப்பானதல்ல, தீர்ப்பு முக்கியமானதால் சொல்லுகிறோம்.) ஆனால் குறையை மூடி மறைக்க ஒரு காரியம் செய்தால் சட்டமும் விடாது. 1813-இல் ஒரு கப்பலை 'எல்லாக் குறைகளுடனும்' விற்றவர், அடிப்பாகம் புழுத்திருப்பது தெரியாமலிருக்க அதைத் தண்ணீரில் இறக்கி வைத்துக் காட்டினார். அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றவில்லை. அதுபோலவே, கடைக்காரர் கேட்கும்போது பொய் சொன்னாலும், விபத்து நடந்ததில்லை என்று பொய்யாகக் கையெழுத்திட்டாலும், ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருத்தினாலும் தனி மனிதரும் மாட்டிக்கொள்வார்.

நம் அன்பர் பொய் சொல்லவில்லை, எதையும் திருத்தவுமில்லை. சட்டப்படி அவர் தப்பித்துவிடக்கூடும். ஆனால் அவர் நம்மிடம் வந்தது சட்டம் கேட்க அல்ல.

ஷரீஅத்தில் குறையை 'ஐப்' என்பர். எது ஐப்? பொருளின் உருவத்தையோ விலையையோ குறைத்து, நியாயமான ஒரு நோக்கத்தைக் கெடுப்பதாகவும், அந்த இனத்துப் பொருளில் பொதுவாக இராததாகவும் இருக்கவேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். இந்தக் கடைசி நிபந்தனை நன்கு கவனிக்கத்தக்கது. ஆறு வருடத்துக் காரில் ஸீட் தேய்ந்திருப்பதும் சாயம் மங்கியிருப்பதும் ஐப் ஆகா. அந்த வயதுக் கார்களில் அது வழக்கம். சூடேறினால் கியர் விழாதது வழக்கமல்ல, அது ஐப். மேலும் அது வாங்குபவர் கைக்குப் போகுமுன்பே இருந்தது. பட்டறைச் சீட்டே சாட்சி.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றில் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் பட்ட செய்தியை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மழை பட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த வியாபாரி தண்ணீர் தெளிக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மழை அவர் செயலல்ல. அவர் பொய்யும் சொல்லவில்லை. கேட்டவுடன் உள்ளதைச் சொன்னார். அவர்மீது வந்த குற்றம், ஈரம் அடியிலேயே இருக்க விட்டதுதான். கியர் பாக்ஸ் கெட்டதும் அன்பரின் குற்றமல்ல. வண்டி சூடேறாத காலை நேரத்தில் அதைப் பார்க்க விட்டது?

"கடைக்காரர் தொழில் தெரிந்தவர் அல்லவா? பார்த்துத்தானே எடுத்தார்?" என்று ஒருவர் கேட்கலாம். பார்வைக்குத் தெரிகிற குறையை அறிந்தே ஒப்புக்கொண்டவருக்குத் திருப்பித் தரும் உரிமை இல்லை, இது சரி. ஆனால் ஒரு வட்டம் ஓட்டினால் வெளிப்படாத குறை மறைவான குறைதான். தொழில் தெரிந்தவராயினும் மறைவானதை அறிந்தவர் சொல்லியே ஆகவேண்டும்.

'உள்ளபடியே விற்கிறேன், பிறகு எந்தக் குறைக்கும் பொறுப்பல்ல' என்று எழுதிக்கொண்டால்? இதற்கு முவத்தாவில் ஒரு வழக்கு இருக்கிறது. அக்கால வழக்கப்படி இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை இதே நிபந்தனையுடன் 800 திர்ஹத்திற்கு விற்றார்கள். அவனுக்கு ஒரு நோய் உண்டென்று வாங்கியவர் முறையிட்டார். அந்த நோய் தமக்குத் தெரியாதிருந்தது என்று சத்தியம் செய்யும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் இப்னு உமரிடம் கேட்டார்கள். அவர்கள் சத்தியம் செய்ய மறுத்துத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அதே அடிமை 1,500 திர்ஹத்திற்கு விலைபோனான் என்பது கொசுறுச் செய்தி. இதை ஆதாரமாகக் கொண்ட ஷாஃபிஈ மத்ஹபில், பிராணிகளிடம் விற்றவர் அறியாத மறைவான குறைக்கு மட்டுமே இந்த நிபந்தனை பயன்படும். காரைப் போன்ற பொருள்களுக்குப் பயன்படாது. ஹனஃபீ மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். ஆனால் அறிந்த குறையை மறைத்த பாவத்தை அந்தக் காகிதம் நீக்கும் என்று அவர்களும் சொல்லவில்லை.

இனி, அன்பரை உறங்கவிடாத பகுதிக்கு வருவோம்: அந்தத் தம்பதியர். அவர்களுக்கும் இவருக்கும் எந்தப் பேரமும் இல்லை. வாதிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் செய்தி இங்கேதான் உதவுகிறது. முஸ்னது அஹ்மதில் வருவது. ஒருவர் ஓர் ஒட்டகையை வாங்கிக்கொண்டு போகும்போது, வாதிலா (ரலி) அவர்கள் ஆடை தரையில் இழுபடப் பின்னால் ஓடிப்போய், அதில் உள்ள குறையைச் சொன்னார்களா என்று விசாரித்தார்கள். பிறகு, பயணத்திற்கா இறைச்சிக்கா எதற்காக வாங்கினீர் என்று கேட்டார்கள். ஹஜ்ஜுக்கு என்று அவர் சொன்னதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தெரிவித்தார்கள். விற்றவருக்குக் கோபம், என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்றார். குறையை அறிந்தவர் எவரும் அதைச் சொல்லாமலிருப்பது ஆகாது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதாக வாதிலா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள்.

அவர்கள் நோக்கத்தைக் கேட்டது வீணல்ல. இறைச்சிக்கு வாங்கியவருக்குக் குளம்பு ஒரு பொருட்டல்ல. கடைக்காரர் அந்தக் காரை உடைத்து இரும்பாக விற்க எடுத்திருந்தால் கியர் பாக்ஸும் பொருட்டாகியிருக்காது. நான்கு வருட சி.ஓ.இ. மீதமுள்ள காரை எவரும் உடைப்பதற்கு எடுப்பதில்லை என்பது நம் அன்பருக்கும் தெரியும்.

ஆகவே நாம் சொன்னது இது. கடைக்காரரிடமும் சொல்லவேண்டும், தம்பதியரிடமும் சொல்லவேண்டும், இன்றே சொல்லவேண்டும். அவர்களுக்கு ஆறு மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. கடைக்காரர் சரிசெய்து கொடுக்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் ஏற்கும். இரு தரப்பாரும் சம்மதித்தால் 30,000 வரை.

அப்போது கடைக்காரர் அன்பரிடம் வருவார். ஷாஃபிஈ நூல்களின்படி, கார் பிறர் உடைமையாக இருக்கும்வரை கடைக்காரர் இவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. அவரிடமே கார் திரும்பி வந்தால் இவரிடம் திருப்பலாம். இதற்கிடையில் காரில் புதிய சேதம் ஏதும் ஏற்பட்டிருந்தால், திருப்புவதற்குப் பதிலாக 'அர்ஷ்' என்னும் ஈடு கொடுக்கப்படும். அதன் கணக்கு இப்படி: குறையில்லாத காரின் மதிப்பு 30,000 வெள்ளி, குறையுடன் 27,000 என்றால் குறைவு பத்தில் ஒரு பங்கு. கடைக்காரர் கொடுத்த விலை 26,000 என்றால், அதில் பத்தில் ஒரு பங்கான 2,600 வெள்ளியை விற்றவர் திருப்பவேண்டும். கடைக்காரர் காரைத் திருப்பாமல் தாமே பழுது பார்த்துக் கொடுத்துவிட்டால், நூல்களின் கண்டிப்பான விதி அன்பரை விட்டுவிடும். ஆயினும் அந்தச் செலவில் பங்கெடுத்துக்கொள்வதே நல்லதென்பது நம் அபிப்பிராயம்.

பட்டறைச் சீட்டு இன்னும் இருக்கிறதா என்று அன்பரிடம் கேட்டோம். இருக்கிறது என்றார். அதில் இரண்டு பிரதி எடுக்கச் சொன்னோம்: ஒன்று கடைக்காரருக்கு, மற்றொன்று பக்கத்துப் புளோக்கிற்கு.