மார்கழி முடிவதற்குள் அடுக்களை

மழை ஓய்ந்து, காலை பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் விழத் தொடங்கிவிட்டது. போகிக்கு இன்னும் இரண்டு வாரம்தான். சமையலறையைச் சீர்செய்ய வருடத்தில் இதைவிடத் தோதான நாட்கள் அமையாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊறிய சுவர் இப்போதுதான் காய்கிறது. மழைக்காலத்தில் பருப்பு டப்பாவுக்குள் குடியேறிய வண்டு இப்போதுதான் கண்ணில் படுகிறது. தை பிறந்தால் சம்பா அறுவடையில் புது அரிசி, புதுத் துவரம்பருப்பு, மஞ்சள் என்று வரும். மாசி, பங்குனியில் புளியும் வற்றல் மிளகாயும் வரும். இவற்றுக்கெல்லாம் அலமாரியில் இடம் வேண்டும்.

ஆகவே இந்த இரண்டு வாரத்துக்கு முதல் ஆலோசனை, பாத்திரக் கடைப் பக்கம் போகாதீர்கள். பொங்கல் தள்ளுபடியில் ஒரே அளவு டப்பாக்கள் பன்னிரண்டு, மூடியில் நான்கு நிறம் என்று ஆசை காட்டுவார்கள். நம் வீடுகளில் டப்பா பற்றாக்குறையால் அடுக்களை கலைந்து கிடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முப்பது டப்பா இருக்கிற வீட்டில் இன்னும் பன்னிரண்டு சேர்ந்தால் நாற்பத்திரண்டு டப்பாவைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். எதையும் வாங்குவதை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பெரும்பாலும் வாங்கத் தேவையே இருக்காது.

முதலில் தின்று தீருங்கள்

இந்த மாதச் சாமான் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். பொங்கலுக்கு வேண்டிய பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், முந்திரி, திராட்சை, ஏலக்காய் மட்டும் புதிதாக வந்தால் போதும். மற்றபடி இருப்பதை வைத்தே சமையுங்கள். டப்பாக்களின் அடியில் ஒரு கை, இரண்டு கை என்று கிடக்கும் துவரை, கடலை, உளுந்து, தட்டைப்பயறு எல்லாவற்றையும் புழுங்கலரிசியோடு ஊறப்போட்டால் இரண்டு நாள் இரவுப் பலகாரத்துக்கு அடை ஆயிற்று. ரப்பர் பேண்டு போட்டு வைத்த அரைப் பாக்கெட் சேமியா, ரவை, அவல், கேழ்வரகு மாவு ஆகியவற்றைக் காலை உணவில் ஒவ்வொன்றாகக் கணக்கு முடியுங்கள். மசாலாப் பொடிகளை ஒரு சிட்டிகை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசனை வரவில்லையென்றால் அது குழம்பில் நிறத்தைத் தவிர வேறெதையும் தராது. வெளியே போகட்டும்.

மிச்சமிருக்கும் பருப்பு வகைகளைப் பத்து மணிக்கு மேல் துணி விரித்து வெயிலில் பரப்புங்கள். விடியற்காலையில் வேண்டாம், மார்கழிப் பனி இறங்கி இன்னும் நமுத்துப்போகும். மூன்று மணிக்கு அள்ளியதும் அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்திலேயே பூசணம் பிடிக்கும். முறத்தில் புடைத்து, நன்றாக ஆறவிட்டுப் பிறகு மூடுங்கள். அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் மணி விரிந்து சோறு உடையும். அதற்கு நிழல் உலர்த்தல்தான் சரி. காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் துணியில் முடிந்து அரிசி டின்னில் போடுவது இன்றும் பலன் தரும் வழி. ரவையை வாசனை வர வறுத்து ஆறவைத்து எடுத்துவையுங்கள். மைதா, கோதுமை மாவுப் பாக்கெட்டுகளை ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் முட்டைகளும் செத்துவிடும்.

கடப்பா கல்லும் எலுமிச்சையும்

டப்பாக்களை இறக்கியதும் அலமாரிப் பலகை தெரியும். நம் ஊர் வீடுகளில் அது பெரும்பாலும் கடப்பா கல். புளி ஜாடி இருந்த இடத்தில் வெளுத்த ஒரு வட்டம், எண்ணெய்த் தூக்கு இருந்த இடத்தில் பிசுக்கு, தகர டின் விட்டுப்போன துரு வளையம் எல்லாம் அதில் இருக்கும். இங்கேதான் பலர் கை நேராக எலுமிச்சம்பழத்துக்கும் ஆசிட் பாட்டிலுக்கும் போகிறது. வேண்டாம். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல் வகை. புளிப்புப் பட்டால் கல்லின் மேல்தோலே கரைந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். புளி ஜாடி போட்ட அந்த வட்டமும் அப்படி வந்ததுதான், அதைத் தேய்த்துப் போக்க முடியாது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் தென்னைநாரும் போதும். நன்றாகக் காய்ந்தபின் துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெலிதாகத் துடைத்தால் பழைய கறுப்பு திரும்பும். ஜாடிக்கு அடியில் ஒரு பழைய பீங்கான் தட்டை வைத்துவிட்டால் அடுத்த வட்டம் விழாது.

கிரானைட் மேடைக்கு இந்தப் பயம் குறைவு. குழாயடியில் உப்புநீர்க் கறை படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் சுற்றிவையுங்கள், சுரண்டாமலே விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையின் பிசுக்குக்குச் சலவை சோடாவும் வெந்நீரும் கைகண்ட மருந்து. ஆனால் அலுமினியப் பாத்திரத்தையோ சிம்னியின் அலுமினிய வலையையோ அந்தத் தண்ணீரில் முக்கக் கூடாது, கறுத்துப்போகும். இன்னொன்று, பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சிறிதான சமையலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

பலகை மேல் விரிக்க நியூஸ் பேப்பரைவிட நல்ல சரக்கு இப்போது எல்லா வீட்டிலும் சும்மா கிடக்கிறது. போன வருட மாதக் காலண்டர்தான். தாள் தடிமனானது, வழவழப்பானது, ஈரத்துணியால் துடைக்கலாம். மூடிய டப்பாவுக்கு அடியில் விரிக்க மட்டும்தான் அச்சடித்த தாள். பலகாரத்தையோ அப்பளத்தையோ நேரடியாக அதன்மேல் வைக்க வேண்டாம். மை உணவில் ஒட்டும்.

சிறு கரப்பான்கள் மிக்ஸியின் அடியிலும் ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் அலமாரிக் கீலிலும் இருக்கும். போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டி அந்த இடுக்குகளில் வையுங்கள். தவழும் குழந்தையோ நாய் பூனையோ இருக்கிற வீட்டில் அவற்றுக்கு எட்டாத இடுக்கில் மட்டும்.

சுவரும் விளக்கும்

முன்பு சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தால் மறுபடி சுண்ணாம்பே அடியுங்கள். பெயின்ட்டோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம், பூசணத்துக்கும் பகை. நீற்றிய சுண்ணாம்புத் தூளை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டுங்கள். ஒரு சிட்டிகை நீலமும் கொஞ்சம் கஞ்சியும் சேருங்கள். சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு மெலிதாக இரண்டு பூச்சு. கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் காய்ந்ததும் உதிரும். கற்சுண்ணாம்பு வாங்கி வீட்டிலேயே நீற்றுகிறவர்கள் தண்ணீரில்தான் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட வேண்டும். கல் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எமல்ஷன் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது. அங்கே சோப்புத் தண்ணீரால் கழுவினாலே பாதி வெளிச்சம் வந்துவிடும். டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் டைல்ஸைத் தேய்ப்பதைவிட இடையில் உள்ள கோடுகளைப் பாருங்கள். கறுத்துப்போன பழைய பூச்சை ஆணி முனையால் சுரண்டி, வெள்ளை சிமென்ட்டைக் குழைத்து விரலால் அழுத்தி நிரப்பி ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு கிலோ வெள்ளை சிமென்ட்டில் அடுப்புப் பக்கச் சுவர் புதிதாகிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பல வீடுகளில் சமையலறை விளக்கு வாசற்படிக்கு மேலே, அதாவது சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காய் நறுக்கும் பலகையில் விழுவது அவரது நிழல்தான். மேடைக்கு நேர் மேலே, அலமாரியின் அடிப்புறத்தில் ஒரு சின்ன எல்இடி டியூப்பை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சீரமைப்பில் காசு செலவழிக்கத் தகுந்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

எது எங்கே

திரும்ப அடுக்குவதற்கு முன் ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். சமையலுக்கு எடுத்த கரண்டி, வாணலி, பாத்திரம் எதையும் கழுவியபின் பழைய இடத்தில் வைக்காமல் ஒரு தனிப் பலகையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஏழாம் நாள் அந்தப் பலகையில் இருப்பதுதான் உங்கள் குடும்பத்தின் உண்மையான பாத்திரக் கணக்கு. இடுப்பிலிருந்து கண் மட்டம் வரையுள்ள இடம் முழுவதும் அவற்றுக்கே. மற்றவை, அதாவது விருந்தாளிக்கான தட்டு, முறுக்கு உழக்கு, சீர்வரிசையில் வந்து பெயர் வெட்டிய குடங்கள், பரணுக்குப் போகட்டும். கனமானவை மட்டும் பரணுக்கு வேண்டாம். கிரைண்டர் கல்லையும் பெரிய இட்லிக் கொப்பரையையும் ஸ்டூலில் ஏறி இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். அவை தரை மட்டத்திலேயே இருக்கட்டும். பரணில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

எந்த டப்பா எங்கே என்று தீர்மானிப்பது தினமும் சமைக்கிற ஆளின் உரிமை. பரண் ஏறுவது, டின் இறக்குவது, பலகை தேய்ப்பது மற்றவர்களின் வேலை. நடைமுறையில் ஆலோசனை சொல்ல நாலு பேரும் துடைக்க ஒரே பெண்ணுமாக ஆகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் எல்லோரும் இறங்கினால் மத்தியானத்துக்குள் முடியும்.

பித்தளைப் பாத்திரத்தில் பொங்கல் வைக்கிற வீடுகள் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தால் பூச வேண்டும். ஈயம் பூசுகிற ஆட்கள் அருகிவிட்டார்கள், பண்டிகை வாரத்தில் கிடைப்பது கஷ்டம்.

அடுப்பையும் விட்டுவிடாதீர்கள். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன என்று பொருள். வெந்நீரில் புளி கரைத்து ஊறவைத்து, ஊக்கு முனையால் துளைகளைக் குத்தி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். கேஸ் மிச்சமாகும். ஆரஞ்சு நிற கேஸ் டியூப்பில் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக. கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. பரண் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுதி ஒட்டுங்கள்.

கழித்துப்போட்ட பிளாஸ்டிக் டப்பா, ஓட்டை வாளி, தேய்ந்த பாய் எல்லாம் போகி நெருப்புக்கு என்று ஒதுக்காதீர்கள். 2018 போகியன்று பனியோடு இந்தப் புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திணறின. இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக்கைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் சுண்ணாம்புக் காசாவது தேறும். போகிக்கு முதல் நாள் அங்கே கூட்டம் நெரியும், இந்த வாரமே போட்டுவிடுங்கள். நல்ல டப்பாக்களில் நாலைந்தை மட்டும் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியைத் தனியே வைத்துப் பரணில் ஏற்றுங்கள். மாசிக் கடைசியில் வடாம் பிழியத் தொடங்கும்போது அவை வேண்டியிருக்கும்.